"மகன் வந்திட்டானோ?" – மறதி நோயுள்ள முதியோரைப் பராமரிக்கத் தாதிய மாணவர்களுக்குக் கற்பித்தல்

2011ஆம் ஆண்டு. நான் தாதியாகி இரண்டாவது வருடம். இரவுக் கடமையில் இருந்தபோது, வன்னியிலிருந்து வந்த எழுபது வயது கடந்த ஓர் அம்மா எங்கள் விடுதியில் அனுமதிக்கப்பட்டிருந்தார். காய்ச்சல், சாப்பிடவில்லை, "அறளை பேந்திட்டுது" என்று கூட்டிவந்த மகள் சொன்னார். மகனை 2009 ஏப்ரலில் ஷெல்லுக்குப் பறிகொடுத்த குடும்பம் அது. அதையும் மகள்தான் சொல்லிவிட்டுப் போனார்.

இரவு பத்து மணியளவில் அந்த அம்மா என் கையைப் பிடித்து, "மகன் வந்திட்டானோ மிஸி?" என்று கேட்டார். குழப்பத்தில் இருக்கும் நோயாளருக்கு உண்மை நிலையை எடுத்துச்சொல்ல வேண்டும் என்றுதான் நான் படித்திருந்தேன். எனவே சொன்னேன்: "அம்மா, உங்கட மகன் இப்ப இல்லை. சண்டையில செத்திட்டார்." அவர் அந்தச் செய்தியை முதல்தரம் கேட்பவராகக் கதறினார். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் மறந்து மீண்டும் அதே கேள்வி. நானும் மீண்டும் அதே பதில். அந்த ஒரே இரவில் ஒரு தாய்க்கு மூன்று தடவை மகனின் சாவுச் செய்தியைச் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தபோது, விழுந்துவிடுவார் என்று பயந்து, இரண்டு கைகளையும் பண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினோம்.

காலையில் வந்த வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர்ப்பை நிறைந்து வீங்கியிருந்தது. சிறுநீரில் கிருமித் தொற்றும் இருந்தது. அந்த அம்மா கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தது சலம் போவதற்காக. அதைச் சொல்ல அவருக்குச் சொல் வரவில்லை. கேட்க எனக்குத் தெரியவில்லை.

என்னை யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். இப்போது நான் தாதிய மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். அந்த இரவை அவர்கள் ஓர் உண்மையான நோயாளரிடம் கற்றுக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே வகுப்பறையில் அதைத் திரும்ப நடத்திக் காட்டுகிறோம். இதற்குப் பெயர் பாவனைப் பயிற்சி. சிமியுலேசன் என்று சொல்வார்கள். அது என்ன, எப்படி நடக்கிறது, போரைக் கடந்து வந்த முதியவர்கள் வாழும் நம் மண்ணில் அதை எப்படிச் செய்யவேண்டும் என்பதை இக்கட்டுரையில் எழுதுகிறேன். வீட்டில் இப்படியான பெற்றோரைப் பராமரிப்பவர்களுக்கும் இதில் பயன் உண்டு.

அறளை அல்ல, நோய்

டிமென்சியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பான பகுதி அல்ல. மூளைக் கலங்களைப் பாதிக்கும் பல நோய்களின் விளைவு அது. அவற்றில் அல்ஸைமர் நோயே முதன்மையானது. மொத்தத்தில் 60 முதல் 70 சதவீதம் வரை அதனால் ஏற்படுகிறது. சிறு சிறு பாரிசவாதங்களால் மூளையின் இரத்த ஓட்டம் குறைந்து வருவது இன்னொரு முக்கிய வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் இருந்தார்கள். இலங்கையில் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்போதே மக்கள்தொகையில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்திருந்தனர்.

நம் பகுதிகளுக்கு இதில் வேறொரு சுமையும் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களிடம் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, போர் அதிர்ச்சியின் பின்னான மன உளைச்சல் நோய் உள்ளவர்களுக்கு அது இல்லாதவர்களைவிட மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று காட்டியது. அவர்கள் போருக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள். எங்கள் முதியவர்களிடம் போர் வீட்டு வாசலுக்கு வந்தது.

மறதி நோயில் நினைவுகள் ஒரே சீராக அழிவதில்லை. பொதுவாக அண்மைய நினைவுகள் முதலில் போகும். பழையவை நீண்டகாலம் நிற்கும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிடும். 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது மறக்காது. இருபது வருடம் வாழ்ந்த புதிய வீடு மறந்துபோகும். பங்கருக்குள் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பது நினைவிருக்கும். அந்த முதியவருக்கு அது கடந்தகாலமாகவும் தெரிவதில்லை. இப்போது நடப்பதாகவே தெரிகிறது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே போகிறவரை, சப்பாத்துச் சத்தம் கேட்டு நடுங்குகிறவரை, தலையணைக்குள் பாணைப் பதுக்குகிறவரை "குழப்படி பண்ணுறா" என்று நோயாளர் குறிப்பில் எழுதும் தாதிக்கு அவருடைய வாழ்க்கை தெரியாது.

பொம்மையிலிருந்து மனிதருக்கு

பாவனைப் பயிற்சி தாதியத்துக்குப் புதியதல்ல. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் வைத்தியசாலையின் தாதியர் பயிற்சிப் பாடசாலைக்கு ஆளுயரப் பொம்மை ஒன்று வந்தது. பொம்மை செய்பவரான மார்த்தா சேஸ் என்ற பெண் செய்தது. மாணவிகள் அதை 'திருமதி சேஸ்' என்று அழைத்தார்கள். நோயாளரைத் திருப்பிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாவற்றையும் அதில் பழகினார்கள். 1960இல் நோர்வேயின் ஒஸ்மண்ட் லார்டல், வாயோடு வாய் வைத்துச் சுவாசம் கொடுத்துப் பழகுவதற்கான 'ஆன்' பொம்மையை உருவாக்கினார். முதலுதவி வகுப்புக்குப் போன பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பொம்மைக்கு முகம் மாறாது. "என்னை வீட்ட கொண்டுபோய் விடு" என்று அழாது. மறதி நோயைக் கற்பிக்க மனிதர் வேண்டும். 1963இல் கலிபோர்னியாவில் நரம்பியல் வைத்தியர் ஹோவர்ட் பரோஸ் இதற்கு வழி திறந்தார். நோயாளராக நடிக்க ஒரு பெண்ணைப் பயிற்றுவித்து மருத்துவ மாணவர்களை அவரிடம் அனுப்பினார். அன்று பலர் சிரித்தார்கள். இன்று பாவனை நோயாளர் இல்லாமல் மருத்துவ, தாதியப் பரீட்சை நடத்தாத நாடுகள் பல.

முதியோர் பராமரிப்புக்கென்றே இதை வளர்த்தவர்களில் அமெரிக்காவின் தேசிய தாதியக் கல்விக் கழகம் குறிப்பிடத்தக்கது. அவர்கள் எழுதிய கதை நோயாளர்களில் ஒருவர் மில்லி லார்சன். 84 வயது, கணவரை இழந்தவர், தனியே வாழ்கிறார், திடீரென்று குழம்பிப்போய் வைத்தியசாலைக்கு வருகிறார். மாணவர்கள் முதலில் மில்லியின் குரலில் அவருடைய வாழ்க்கையைக் கேட்கிறார்கள். அதன்பிறகுதான் நோயாளராகச் சந்திக்கிறார்கள். நோய்க்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்த ஒழுங்கின் கருத்து. அதைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

'நடிப்பைப் பார்த்து நோயாளரைப் பராமரிக்கப் பழகலாமா?' என்று பலர் கேட்பதுண்டு. 2014இல் அமெரிக்காவின் தாதியப் பதிவுச் சபைகளின் தேசியக் கூட்டமைப்பு, 10 தாதியக் கற்கை நிறுவனங்களில் செய்த பெரிய ஆய்வொன்றை வெளியிட்டது. வைத்தியசாலைப் பயிற்சி நேரத்தில் பாதியைத் தரமான பாவனைப் பயிற்சியாக மாற்றியபோதும் மாணவர்களின் அறிவிலோ திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 'தரமான' என்ற சொல்தான் இங்கே முக்கியம். பயிற்சி பெற்ற ஆசிரியர், எழுதித் தயாரித்த காட்சி, முறையான பின்னுரையாடல் ஆகிய மூன்றும் அந்த ஆய்வில் இருந்தன. இவை இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் நாடகம்.

பத்து நிமிடம் முதியவராக

முதல் வகுப்பில் மாணவர்களே முதியவர்கள் ஆகிறார்கள். அமெரிக்காவில் பி.கே. பெவில் என்ற உளவியலாளர் உருவாக்கிய 'மெய்நிகர் மறதிப் பயணம்' என்ற பயிற்சி உலகின் பல நாடுகளில் நடக்கிறது. பார்வையை மங்கவைக்கும் கண்ணாடி, விரல்களின் உணர்வைக் குறைக்கும் கையுறை, பாதத்தைக் குத்தும் சப்பாத்துத் தகடு, இடைவிடாத இரைச்சல் தரும் காதுக் கருவி இவற்றை அணிந்துகொண்டு, வேகமாகச் சொல்லப்படும் சில வேலைகளைச் செய்யவேண்டும்.

அவ்வளவு உபகரணங்கள் எங்களிடம் இல்லை. இருப்பதை வைத்துச் செய்கிறோம். பழைய கண்ணாடியில் வசிலின் பூசி நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவோம். காதில் பஞ்சு. இரண்டு சோடி இறப்பர் கையுறை போட்டு இரண்டு விரல்களைச் சேர்த்து பிளாஸ்ரர் சுற்றுவோம். சப்பாத்துக்குள் ஒரு பிடி கடலை. பக்கத்தில் நிலையம் பிடிபடாத வானொலி இரையும். பிறகு ஒரே மூச்சில் ஐந்து வேலைகள்: இந்தச் சாரத்தை மடியுங்கோ, சட்டைக்குப் பொத்தான் போடுங்கோ, சில்லறையில் முப்பத்தைந்து ரூபாய் எண்ணி வையுங்கோ, இன்றைய திகதியை எழுதுங்கோ, குளிசைப் பெட்டியில் இரவுக் குளிசையை எடுங்கோ.

அநேகர் இரண்டு வேலையோடு நின்றுவிடுவார்கள். சிலர் கோபப்படுவார்கள். சிலர் பேசாமல் ஒரு மூலையில் போய் இருந்துவிடுவார்கள். ஒரு மாணவி சாரத்தையே பதினைந்து தரம் மடித்து விரித்துக்கொண்டிருந்தார். கேட்டபோது, "மற்றதெல்லாம் மறந்துபோச்சு மிஸ். இதாவது எனக்குத் தெரியும் எண்டு செய்தனான்" என்றார். விடுதியில் படுக்கை விரிப்பை நாள் முழுவதும் மடிக்கும் ஆச்சியை அன்று தொடக்கம் அந்த மாணவி தடுக்கமாட்டார்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு எல்லை உண்டு. கண்ணாடியும் கையுறையும் புலன்களின் குறையைக் காட்டும், மறதியைக் காட்டமாட்டா. பத்து நிமிடத்தில் கழற்றியும் வைத்துவிடலாம். இதோடு நிறுத்தினால் மாணவர்களுக்குப் பரிதாபமும் பயமும்தான் மிஞ்சும், செய்யத் தெரியாது. எனவே இது கதவு மட்டுமே. உள்ளே போகவேண்டியது அடுத்த இரண்டு காட்சிகளுக்குள்.

முதலாவது காட்சி: நேற்றுவரை இப்படி இல்லை

பாவனை நோயாளராக வருபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பாடசாலை நாடகங்கள் பழக்கியவர். காட்சியில் அவருக்கு 78 வயது. இரண்டு வருடமாக மெதுவாக வளர்ந்த மறதி உண்டு. நேற்று மாலையிலிருந்து ஆளே மாறிவிட்டார். சில நேரம் தூங்கி வழிகிறார், சில நேரம் சுவரில் பூச்சி பிடிக்கிறார். மருமகள் சொல்கிறார்: "வயசு போட்டுது, அறளை கூடிட்டுது."

மாணவர் கண்டுபிடிக்க வேண்டியது இதுதான்: மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளரும். மணித்தியாலங்களில், ஓரிரு நாட்களில் வரும் குழப்பம் வேறு. அதற்கு டெலிரியம் என்று பெயர். அது மருத்துவ அவசரம். மறதி நோய் உள்ளவர்களுக்கே அது இலகுவில் வரும். சிறுநீர்த் தொற்று, நியுமோனியா, உடலில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், சலம் அடைத்தல், நோவு, உப்புச் சத்துக் குறைதல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

இதைக் கண்டறிய 1990இல் ஷரோன் இனோய் என்ற அமெரிக்க வைத்தியரும் அவரது குழுவினரும் வெளியிட்ட முறை எளியது. நான்கு கேள்விகள். ஒன்று, மாற்றம் திடீரென வந்ததா, கூடிக் குறைகிறதா? இரண்டு, கவனம் சிதறுகிறதா? மூன்று, பேச்சு கோர்வையற்றிருக்கிறதா? நான்கு, விழிப்பு நிலை மாறியிருக்கிறதா? முதல் இரண்டும் 'ஆம்' என்றும், மூன்றாவது அல்லது நான்காவதில் ஒன்று 'ஆம்' என்றும் வந்தால் டெலிரியம் என்று கருதவேண்டும். கவனத்தைப் பார்க்க, கிழமை நாட்களைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறோம்.

இன்னொன்று நோவு. நோகிறது என்று சொல்ல முடியாதவரிடம் அதை எப்படி அறிவது? 2003இல் வெளியான ஓர் அளவுகோலைப் பழக்குகிறோம். மூச்சு, முனகல், முகம், உடலசைவு, ஆறுதல்படுத்தினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி, மொத்தம் 10. ஆசிரியை அம்மா மாணவர் தொடும்போது புருவத்தைச் சுருக்கி, அடிவயிற்றில் கையை வைத்து, முழங்காலை மடக்குவார். வாயால் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, "சலம் போகவேணுமோ அம்மா?" என்று கேட்கும் மாணவருக்கு மட்டும் தலையாட்டுவார்.

நான் 2011இல் கேட்காத கேள்வி அது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அதைக் கேட்கும்வரை எனக்கு மூச்சு விடுவது கடினம்.

கைகளைக் கட்டுவது பற்றியும் இந்தக் காட்சியிலேயே பேசுகிறோம். கட்டினால் விழாமல் இருப்பார் என்பது எங்கள் பயத்துக்கு நாங்கள் சொல்லும் ஆறுதல். கட்டப்பட்டவர் இழுத்துப் போராடுவார், காயப்படுவார், குழப்பம் கூடும். தடுப்புக்காவலில் இருந்த ஒருவருக்குக் கையைக் கட்டுவது என்ன நினைவைக் கொண்டுவரும் என்று எங்கள் நாட்டில் விளக்கத் தேவையில்லை. கட்டிலைத் தாழ்த்துவது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மலசலகூடம் கூட்டிப்போவது, வெளிச்சம் வைப்பது, வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் இருத்துவது இவையே மாற்று வழிகள்.

இரண்டாவது காட்சி: சாப்பிடாமல் போன மகன்

இதை எழுதும்போது பெரிய தயக்கம் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயாக ஒருவர் நடிக்கவேண்டும். 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரப் பந்தல்களில் படங்களோடு இருக்கும் அம்மாக்களை எங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் மூப்படைகிறார்கள். அவர்களில் சிலருக்கு மறதி வரும். அன்று அவர்கள் எங்கள் விடுதிகளுக்குத்தான் வருவார்கள்.

அப்படியான ஒரு தாய், விடயம் அறிந்து, தானே நடிக்க வருவதாகச் சொன்னார். நாங்கள் மறுத்துவிட்டோம். அவருடைய துயரம் எங்களுக்குப் பாடப் பொருள் ஆகக்கூடாது. ஆனால் காட்சியை எழுத ஆலோசனை கேட்டோம். "உங்களுக்கு அப்படி ஒரு காலம் வந்து, நீங்கள் மகனைக் கேட்டால், பிள்ளைகள் என்ன சொல்லவேணும் அம்மா?" நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செத்திட்டான் எண்டு சொல்லாதேங்கோ. அது எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? வாறான் எண்டும் சொல்லாதேங்கோ. கன பேர் சொல்லி ஏமாத்தினவை. அவனைப் பற்றி என்னட்டக் கேளுங்கோ. கேக்கிற ஆக்கள் குறைஞ்சு போச்சினம்."

எங்கள் பாடத்திட்டத்தின் மிகச் சிறந்த பக்கம் அதுதான்.

காட்சியில் அம்மா கட்டிலில் இருந்து வாசலைப் பார்த்தபடி கேட்கிறார்: "தம்பி வந்திட்டானோ மிஸி? சாப்பிடாமல் போனவன்."

முதல் மாணவர்: "நாளைக்கு வருவார் அம்மா, படுங்கோ." அம்மா படுக்கமாட்டார். வாசலுக்குப் போகப் பார்ப்பார். பிறகு, "வருவான் எண்டு சொன்னனீங்களே" என்று சண்டை பிடிப்பார். மறதி நோயிலும் வாக்குறுதி சில வேளை நினைவில் நிற்கும். ஏமாற்றமோ அதைவிட நீண்டநேரம் நிற்கும்.

இரண்டாவது மாணவர்: "அவர் இல்லை அம்மா, காணாமல் போட்டார்." அம்மா உடைந்துபோவார். நான் செய்த பிழை.

மூன்றாவது மாணவர் கட்டிலின் பக்கத்தில், அம்மாவின் கண்மட்டத்துக்கு இருந்துகொண்டார். "தம்பி சாப்பிடாமல் போனது உங்களுக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு, என்ன அம்மா?" "ஓம் பிள்ளை." "தம்பிக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" "புட்டும் மீன்குழம்பும். குழம்பை விட்டுக் குழைச்சுக் குடுக்கவேணும்." "நீங்கள்தான் குழைச்சுக் குடுக்கிறனீங்களோ?" அம்மாவின் முகம் மாறியது. பத்து நிமிடம் மீன்குழம்பு வைக்கும் கதை. இடையில் மாணவர் கேட்டார்: "நீங்கள் சாப்பிட்டியளோ அம்மா?" "இல்லை." கஞ்சி வந்தது. அவர் குடித்தார்.

அந்த மாணவர் பொய் சொல்லவில்லை. குத்தும் உண்மையையும் சொல்லவில்லை. கேள்விக்குப் பின்னால் இருந்த தாயின் கவலைக்குப் பதில் சொன்னார். நயோமி பீல் என்ற அமெரிக்கச் சமூகப்பணியாளர் 1963 முதல் முதியோர் இல்லங்களில் வேலை செய்து இம்முறையை வளர்த்தார். குழம்பியவரின் உணர்வை மறுக்காமல் ஏற்று, அதன் வழியே பேசுவது. 1997இல் வெளியான தனது நூலில் பிரித்தானியரான டொம் கிட்வூட் இதையே இன்னும் விரித்தார்: நோயைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்கவேண்டும்.

பின்னுரையாடல்: பாடம் இங்கேதான்

காட்சி பதினைந்து நிமிடம் என்றால், அதன்பின் பேசுவது முப்பது நிமிடமாவது இருக்கும். வட்டமாக இருந்து மூன்று படிகளாகப் பேசுவோம். முதலில் உணர்வு: உங்களுக்கு எப்படி இருந்தது? அடுத்து அலசல்: அந்த நேரம் என்ன நினைத்து அப்படிச் சொன்னீர்கள்? கடைசியில் எடுத்துச் செல்வது: நாளைக்கு விடுதியில் எதை வேறாகச் செய்வீர்கள்? பாவனை நோயாளரும் இருந்து, தன் பாத்திரத்தின் குரலில், "நீங்கள் என்ர தலைக்கு மேல நிண்டு கதைக்கேக்க எனக்குப் பயமாய் இருந்தது" என்று சொல்வார். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் அந்த ஒரு வசனத்துக்கு ஈடாகாது.

பிழைவிட்ட மாணவரை இங்கே யாரும் ஏசுவதில்லை. எங்கள் கல்விமுறையில் பிழைக்கு ஏச்சு வாங்கியே பழகியவர்கள் அவர்கள். முதல் நாட்களில் வாய் திறக்கமாட்டார்கள். எனவே பின்னுரையாடலை என்னுடைய 2011 இரவைச் சொல்லித் தொடங்குகிறேன். ஆசிரியரே பிழைவிட்டவர் என்று தெரிந்தபிறகு அவர்கள் பேசுகிறார்கள்.

மாணவரும் போரின் பிள்ளைகள்

வெளிநாட்டுக் கையேடுகள் எங்களுக்கு ஒரு விடயத்தில் உதவமாட்டா. இன்று எங்கள் வகுப்பில் இருப்பவர்களில் பலர் 2009இல் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். சிலர் முள்ளிவாய்க்காலிலிருந்து நடந்து வந்தவர்கள். சிலருடைய தகப்பன் இன்றுவரை வரவில்லை. இரண்டாவது காட்சியை முதல்தரம் நடத்தியபோது ஒரு மாணவி பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய அம்மம்மா வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. அது எங்கள் குறை.

அதன்பின் சில விதிகளை வைத்துக்கொண்டோம். காட்சியில் என்ன வரும் என்பதை முன்னுரையாடலில் ஒளிக்காமல் சொல்வோம். பங்கேற்க விரும்பாதவர் காரணம் சொல்லத் தேவையில்லை. வெடிச் சத்தம், சீருடை எதையும் பயன்படுத்துவதில்லை. யாராவது கையை உயர்த்தினால் காட்சி அந்த இடத்திலேயே நிற்கும். முடிந்தபின் தனியே பேசுவதற்கு உளவளத்துணையாளர் ஒருவர் இருப்பார். வெளியே போன அந்த மாணவி இரண்டு வாரத்தின் பின் தானாகவே வந்து காட்சியைச் செய்தார். பிறகு வீட்டில் அம்மம்மாவிடமும் செய்து பார்த்ததாகச் சொன்னார்.

வீட்டில் பராமரிப்போருக்கு

பெரும்பாலான மறதி நோயாளரைப் பராமரிப்பது வைத்தியசாலை அல்ல, வீடு. மாணவர்களுக்குச் சொல்வதில் சிலவற்றை வாசகர்களுக்கும் சொல்லவேண்டும்.

ஒன்று: ஓரிரு நாட்களுக்குள் ஆள் திடீரென மாறினால், அறளை என்று இருந்துவிடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். "நேற்றுவரை இப்படி இல்லை" என்ற வசனத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூட இருப்பவர் நீங்கள்தான். அது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

இரண்டு: வாதாடாதீர்கள். "ஞாபகம் இல்லையோ? இப்பதானே சொன்னனான்" என்பது அவரைச் சிறுமைப்படுத்தும். கேள்விக்குப் பின்னால் பசியா, பயமா, தனிமையா, நோவா என்று பாருங்கள்.

மூன்று: ஒரு வசனத்தில் ஒரு விடயம். முன்னால் வந்து, பெயர் சொல்லி, மெதுவாக. மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் இருந்தால் முதலில் அவற்றைப் போட்டுவிடுங்கள்.

நான்கு: இரவில் சிறு வெளிச்சம் வையுங்கள். தண்ணீரை அவர் கேட்கும்வரை காத்திராமல் நேரத்துக்குக் கொடுங்கள்.

ஐந்து: ஒரு தாளில் அவரைப் பற்றி எழுதி வையுங்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், எந்தச் சாமியைக் கும்பிடுவார், என்ன சாப்பாடு, என்ன வேலை செய்தவர், எதற்குப் பயப்படுவார், யாரைத் தேடுவார். பிரித்தானியாவின் அல்ஸைமர் சங்கம் 'இதுதான் நான்' என்ற பெயரில் இப்படியொரு படிவத்தை வைத்திருக்கிறது. வைத்தியசாலைக்குப் போகும்போது குளிசைகளோடு அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ முதியோர் இல்லத்தில் பெற்றோரை விட்டிருப்பவர்களுக்கும், கொழும்பில் சிங்களம் பேசும் விடுதியில் இருத்தியிருப்பவர்களுக்கும் இது இன்னும் அவசியம். பின்னர் கற்ற மொழி மறந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சும் காலம் வரலாம். "தண்ணி", "நோகுது", "சலம்", "பயமாக் கிடக்கு" என்ற நான்கு சொற்களை அங்குள்ள எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிடுங்கள்.

ஆறு: பராமரிப்பவரும் மனிதர். வீட்டில் ஒருவரின் தலையிலேயே, அதுவும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையிலேயே, எல்லாம் விழுகிறது. கிழமையில் ஒரு பின்னேரமாவது அவரை விடுவியுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய ஆய்வுகூடமோ விலையுயர்ந்த இயந்திரமோ தேவையில்லை. ஒரு கட்டில், ஒரு திரை, நடிக்க மனமுள்ள ஒரு முதியவர், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், பேசுவதற்கு ஒரு மணித்தியாலம் போதும். வடக்குக் கிழக்கின் தாதியர் பயிற்சி நிலையங்கள் எல்லாவற்றிலும் இது கட்டாய பாடமாக வேண்டும். நம் முதியவர்களின் கதை தெரிந்தவர்களால் தமிழிலேயே காட்சிகள் எழுதப்பட வேண்டும்.

2011இல் நான் கையைக் கட்டிய அந்த அம்மா காய்ச்சல் மாறி வீட்டுக்குப் போனார். போகும்போது என் கன்னத்தைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார். அந்த இரவு அவருக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் புதிய மாணவர்கள் முன்னிலையில் அந்தக் கட்டிலைப் போடுகிறேன்.